அரசியல் செய்தியைப் படிப்பது எப்படி: தலைப்பு போட்டவன் சொல்வது

பல வருடம் செய்தி டெஸ்க்கில் உட்கார்ந்து தலைப்பு போட்டவன் நான். ஊடகம் மக்களை மூளைச்சலவை செய்கிறது என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று நாங்கள் சொன்னால் யார் கேட்கிறார்கள்? எங்கள் கையில் இருப்பது வேறு. நாளைக்கு நீங்கள் எதைப் பற்றிப் பேசப்போகிறீர்கள் என்பதை இன்று ராத்திரியே முடிவு செய்துவிடலாம்.

1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது மெக்கோம்ப்ஸ், ஷா என்ற இரண்டு ஆய்வாளர்கள், யாருக்கு ஓட்டு என்று இன்னும் முடிவு செய்யாத 100 பேரைச் சேப்பல் ஹில் என்ற அமெரிக்க ஊரில் சந்தித்து, முக்கியமான பிரச்சினைகள் எவை என்று கேட்டார்கள். மக்கள் சொன்ன வரிசையும், ஊடகங்கள் அந்தப் பிரச்சினைகளுக்குக் கொடுத்த இடத்தின் வரிசையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தன. அதனால் முதல் வேலை, செய்தியைத் திறப்பதற்கு முன்னால் உங்களை அழுத்தும் மூன்று விஷயங்களை ஒரு தாளில் எழுதுவது. ஒரு வாரம் கழித்து அந்தத் தாளையும் அந்த வாரம் நீங்கள் சண்டை போட்ட விஷயங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது தலைப்பு. இதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு கூட்டத்தின்மீது போலீஸ் சுடுகிறது, இரண்டு பேர் இறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘போலீஸ் சுட்டதில் இருவர் பலி’ என்று போடலாம். ‘கூட்டத்தைக் கலைக்கத் துப்பாக்கிச் சூடு: இருவர் பலி’ என்று போடலாம். ‘கலவரத்தில் இருவர் பலி’ என்றும் போடலாம். மூன்றிலும் பொய் என்று எதையும் பிடிக்க முடியாது. ஆனால் முதலாவதில் சுட்டவர் இருக்கிறார். இரண்டாவதில் சுட்டவர் போய், காரணம் வந்துவிட்டது. மூன்றாவதில் துப்பாக்கியே இல்லை. எனவே தலைப்பைப் பார்த்ததும் ‘செய்தது யார்?’ என்று கேளுங்கள். ஆள் காணவில்லை என்றால் நாலாவது, ஐந்தாவது பத்தி வரை இறங்குங்கள், பெரும்பாலும் அங்கேதான் இருப்பார்.

ஒருவர் பேசியதைச் சொல்லும் வினைச்சொற்களையும் கவனியுங்கள். ஒரு தலைவர் ‘கூறினார்’ என்பதற்கும் ‘ஒப்புக்கொண்டார்’ என்பதற்கும் நடுவில் ஒரு குற்றப்பத்திரிகையே இருக்கிறது. ‘மழுப்பினார்’, ‘கொந்தளித்தார்’, ‘பதிலடி கொடுத்தார்’ எல்லாவற்றையும் அடித்துவிட்டு ‘சொன்னார்’ என்று போட்டுப் படியுங்கள். பல செய்திகளில் அப்புறம் ஒன்றுமே மிஞ்சாது. தலைப்பில் கேள்விக்குறி இருந்தால் இன்னும் சுலபம். டெஸ்க்கிடம் ஆதாரம் இல்லை, ஆனால் விடவும் மனசில்லை என்று அர்த்தம்.

எண் வந்தால் திருப்பிப் போடுங்கள். ட்வெர்ஸ்கி, கானமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1981-இல் வெளியிட்ட சோதனை இது: 600 பேரைக் கொல்லக்கூடிய ஒரு நோய். ஒரு திட்டத்தில் 200 பேர் நிச்சயம் பிழைப்பார்கள். இன்னொன்று சூதாட்டம் மாதிரி, எல்லாரும் பிழைக்கலாம், யாருமே பிழைக்காமலும் போகலாம். 72 சதவீதம் பேர் முதல் திட்டத்தை எடுத்தார்கள். அதே திட்டத்தை ‘400 பேர் சாவார்கள்’ என்று வேறு ஒரு குழுவிடம் சொன்னபோது 22 சதவீதம் பேர்தான் எடுத்தார்கள். ‘80 சதவீதம் வெற்றி’ என்று ஓர் அமைச்சர் சொன்னால் மீதி 20 என்ன ஆனது என்று பார்ப்பது அதனால்தான்.

கருத்துக்கணிப்பு என்றால் எத்தனை பேரைக் கேட்டார்கள் என்பதைவிட யாரைக் கேட்டார்கள் என்பது முக்கியம். 1936-இல் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்ற அமெரிக்கப் பத்திரிகை ஏறத்தாழ 1 கோடி பேருக்குப் படிவம் அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் பதில் வந்தது. அந்த வருட அதிபர் தேர்தலில் லாண்டன் ஜெயிப்பார் என்றது. எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளிக்கொண்டு போனார். தொலைபேசி வைத்திருந்தவர்கள், கார் வைத்திருந்தவர்கள் பட்டியல்களிலிருந்து பெயர் எடுத்தது ஒரு காரணம், பதில் போட்டவர்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது இன்னொன்று. ஆயிரம் பேரைச் சரியாகத் தேர்ந்தெடுத்துக் கேட்டாலே பிழை எல்லை சுமார் 3 சதவீதம் இருக்கும், அதாவது வந்த எண் அந்த அளவுக்குக் கூடவோ குறையவோ இருக்கலாம். 44-க்கு 42 என்று வந்தால் அது முன்னிலையே இல்லை, தலைப்பு என்ன அலறினாலும்.

டிவி விவாதத்துக்குப் பெரிய முறை எதுவும் தேவையில்லை. சத்தத்தை நிறுத்திவிட்டுத் திரையில் போட்டிருக்கும் கேள்வியை மட்டும் படியுங்கள். பதில் அதிலேயே இருந்தால் சேனலை மாற்றலாம்.

கடைசியாக, செய்தி யார் கையிலிருந்து வந்தது என்று பாருங்கள். 1940 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ஒஹாயோ மாநிலத்தில் லாசர்ஸ்ஃபெல்டு என்ற ஆய்வாளரின் குழு ஆராய்ந்தபோது, வானொலியையும் பத்திரிகையையும்விடத் தெரிந்தவர்களின் பேச்சுதான் பலரின் ஓட்டைத் தொட்டது. இன்றைக்கு அந்தத் தெரிந்தவர் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார். சித்தப்பா அனுப்பினார் என்பதற்காக அது சித்தப்பா சொன்னது ஆகிவிடாது. ‘இது எங்கே வந்தது?’ என்று மரியாதையாகவே கேளுங்கள். தெரியவில்லை என்றால் உங்களோடு நிறுத்திவிடுங்கள். மறுக்கிறேன் பேர்வழி என்று அதே பொய்யைப் பத்துக் குழுவில் போடவும் வேண்டாம், திரும்பத் திரும்பக் கேட்டது உண்மை போலத் தோன்றும். மறுத்தே ஆக வேண்டும் என்றால் சரியான தகவலை முதல் வரியில் எழுதுங்கள்.