ஏஎஃப் நோயாளிக்கு ட்ரோபோனின் கொஞ்சம் கூடியிருந்தால்

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் (ஏஎஃப், இதயம் ஒழுங்கில்லாமல் துடிக்கும் கோளாறு) துடிப்பு நிமிடத்துக்கு 150-ஐத் தாண்டி ஓடும்போது, இதயம் விரிந்து இளைப்பாறும் நேரம் சுருங்கிவிடுகிறது. இதயத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் பாய்வதே அந்த நேரத்தில்தான். தேவை ஏறி வரத்து குறைவதால், இதய ரத்தக்குழாயில் புதிய அடைப்பு இல்லாமலும் ட்ரோபோனின் (இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கலக்கும் புரதம்) கசியும். ஆகவே ஒற்றை ரிப்போர்ட்டை வைத்து மாரடைப்பு என்று முடிவு கட்டாதீர்கள்.

முதலில் யூனிட்டைப் பாருங்கள். ஹை சென்சிட்டிவ் ட்ரோபோனின் டி-க்கு வரம்பு லிட்டருக்கு 14 நானோகிராம். மில்லிலிட்டர் கணக்கில் அதுவே 0.014 நானோகிராம். இன்னொரு வகையான ட்ரோபோனின் ஐ என்றால், சோதனைக் கிட்டுக்குக் கிட் வரம்பு மாறும்.

ஏற்காட்டிலோ வாழப்பாடியிலோ முதல் சாம்பிள் எடுத்து, சேலம் வந்ததும் வேறு மெஷினில் இரண்டாவது பார்த்தால், அந்த இரண்டு எண்களையும் கழித்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை. கார்டு டெஸ்ட்டில் விழும் மங்கலான கோடும் அப்படித்தான், அது அளவு சொல்லாது. சேலத்தில் எடுப்பதையே முதல் சாம்பிளாக வைத்து, 3 மணி நேரம் கழித்து அதே லேபில் மறுபடி எடுங்கள்.

ட்ரோபோனின் டி 31-இலிருந்து 34 ஆனால் ஏற்றம் 20 சதவீதத்துக்குக் கீழே. நாள்பட்ட சிறுநீரகக் கோளாறு, பழைய ஹார்ட் ஃபெயிலியர் போன்றவற்றைத் தேடுங்கள், சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் டெஸ்ட் கட்டாயம். 31 என்பது 78 ஆனால் புதிய சேதம். அப்போதும் அடைப்புதான் என்று சொல்லிவிட முடியாது. அழுத்தும் நெஞ்சுவலி, ஈசிஜியில் புதிய மாற்றம், எக்கோவில் ஒரு பகுதி மட்டும் அசையாமை, இவற்றில் ஏதாவது துணைக்கு வர வேண்டும்.

வேகத் துடிப்பில் ஈசிஜி கோட்டின் எஸ்டி என்ற பகுதி கீழிறங்குவது சகஜம். துடிப்பு 110-க்குக் கீழே வந்ததும் ஈசிஜியைத் திரும்ப எடுங்கள்; இறக்கம் மறைந்தால் சந்தேகம் குறையும், முற்றிலும் நீங்காது. எஸ்டி உயர்ந்திருந்தாலோ, வலி அடங்காவிட்டாலோ இரண்டாவது ட்ரோபோனினுக்குக் காத்திருக்கவே கூடாது. பிரஷர் விழுந்ததற்கு ஏஎஃப்தான் காரணம் என்றால் உடனே சின்க்ரனைஸ்டு ஷாக் (துடிப்போடு ஒத்திசைத்துக் கொடுக்கும் மின் அதிர்ச்சி).

துடிப்பைக் குறைக்குமுன் அது ஏன் ஓடுகிறது என்று கேளுங்கள். காய்ச்சல், ரத்தசோகை, ரத்தக்கசிவு, தைராய்டு, நுரையீரல் ரத்தக்கட்டி எல்லாமே துடிப்பையும் ஏற்றும், ட்ரோபோனினையும் ஏற்றும். செப்சிஸ் (கிருமித்தொற்று உடல் முழுவதையும் பாதிக்கும் நிலை) நோயாளிக்குத் துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் போட்டு எண்ணை மட்டும் இறக்கினால் பிரஷர் சரிந்துவிடும்.

ட்ரோபோனின் கூடியதற்காக மட்டும் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், ஹெப்பாரின் மூன்றையும் சேர்த்துப் போடுவது ரத்தக்கசிவை வரவழைக்கும் வேலை. ஏஎஃப்புக்கான ரத்த உறைவுத் தடுப்பு மருந்து வேறு கணக்கு: வயது, சர்க்கரை, பிரஷர், பழைய பக்கவாதம் பார்த்து முடிவெடுப்பது. நம் பக்கம் ருமாட்டிக் மைட்ரல் ஸ்டெனோசிஸ் (ருமாட்டிக் காய்ச்சலால் இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்குவது) இன்னும் வருகிறது. எக்கோவில் அது மிதமாகவோ கடுமையாகவோ இருந்தால் வார்ஃபரின் அல்லது அசிட்ரோம்தான். புதுவகை உறைவுத் தடுப்பு மாத்திரைகள் வேண்டாம்.

வீட்டுக்கு அனுப்பும்போது இரண்டு அளவுகளையும் நேரம், கிட் பெயரோடு சம்மரியில் எழுதி, இதயப் பிரிவில் காட்டும் தேதியையும் குறித்துக் கொடுங்கள். ஏறாமல் நின்ற ட்ரோபோனினும் இதயம் சிரமப்படுவதற்கு அடையாளமே.