பூவில் உட்கார்ந்த ஈ: பெயர் வைக்க அவசரப்படாதீர்கள்

மஞ்சளும் கறுப்புமாக வரி போட்ட பூச்சி பூவில் உட்கார்ந்திருந்தால் கை தானாகப் பின்னுக்குப் போகும். குளவி அல்லது தேனீ என்று முடிவு கட்டிவிடுவோம். அந்தப் பூச்சிக்கும் அதுதான் வேண்டும். தேன் குடிக்க வரும் சிர்ஃபிட் ஈக்களில் பல இப்படி வேஷம் கட்டியவை. கொடுக்கே கிடையாது.

நிறத்தை நம்புவதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. சரி, இறக்கையை எண்ணலாமே? ஈக்கு இரண்டு, தேனீக்கு நான்கு. ஆனால் தேனீயின் முன் இறக்கையும் பின் இறக்கையும் நுண்கொக்கிகளால் கோத்துக்கொண்டு ஒன்றுபோலவே தெரியும். எண்ணி ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். அதைவிடத் தலையைப் பார்ப்பது சுலபம். தேனீயின் உணர்கொம்பு நீண்டு, முழங்கைபோல மடங்கியிருக்கும். பெரும்பாலான சிர்ஃபிட் ஈக்களுக்கு அது இருக்கிறதா என்று தேட வேண்டும். கண்கள்தான் தலையை அடைத்துக்கொண்டிருக்கும்.

ஒரே இனத்துக்குள்ளும் நிறம் மாறும். எபிசிர்ஃபஸ் பால்டியாட்டஸ் என்ற ஆரஞ்சு நிற ஈ, கூட்டுப்புழுவாகக் குளிரில் இருந்திருந்தால் கறுப்பு கூடி வெளிவரும். பல இனங்களில் ஆணின் கண்கள் உச்சந்தலையில் ஒட்டியிருக்கும், பெண்ணுக்கு இடைவெளி இருக்கும். இதைப் பார்த்து இரண்டு இனம் என்று எழுதிவைப்பவர்கள் உண்டு. அப்புறம், சின்னதாக இருந்தால் ‘குட்டி ஈ’ என்பார்கள். இறக்கை முளைத்த ஈ அதற்குமேல் வளராது. புழுவாக இருந்தபோது சாப்பாடு குறைந்திருந்தால் அதே இனமே சிறுத்துப் பிறக்கும்.

படம் எடுப்பதிலும் ஒரு தவறு: மேலிருந்து ஒன்று எடுத்துவிட்டுப் போய்விடுவது. சிர்ஃபிட் ஈயா, வேறு ஈயா என்ற சந்தேகத்தைத் தீர்ப்பது இறக்கை நரம்புகள். சிர்ஃபிட் ஈயின் இறக்கை நடுவில், மற்ற நரம்புகளோடு சேராமல் மடிப்புபோல ஒரு பொய் நரம்பு ஓடும். அது மங்கலான படத்தில் விழாது. முதலில் தூரத்திலிருந்து ஒன்று, பிறகு மெல்ல நெருங்கி முகம், பக்கவாட்டு, இறக்கை என்று எடுங்கள். உங்கள் நிழல் மேலே விழுந்தால் பறந்துவிடும்.

படத்தைப் பார்த்துச் செயலி சொல்லும் இனப்பெயரை அப்படியே ஒட்டிவிடாதீர்கள். சிர்ஃபிட் ஈக்களே சுமார் 6,000 இனங்கள். சிலவற்றை ஆணின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் பிரிக்க முடியும். பொய் நரம்பும் கண்களுக்கு நடுவே இடைவெளியும் மட்டும் தெளிவாகத் தெரிந்தால் ‘சிர்ஃபிட் ஈ, பெண்ணாக இருக்கலாம்’ என்று எழுதி, தேதியையும் இடத்தையும் குறித்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம்.