ஆனையிறவு தாண்டியதும் வேகமானியைப் பாருங்கள்

யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் ஏ-9 வீதியில் பரந்தனைத் தாண்டினால் ஆனையிறவு வரை கண்ணுக்கெட்டிய தூரம் வெளிதான். அங்கே வேகத்தைக் கூட்டாமல் யாருக்கும் கை சும்மா இருக்காது. ஆனால் உண்மையான ஆபத்து அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. 90 கிலோமீற்றர் வேகத்தில் சிறிது நேரம் ஓடிய கண்ணுக்கு 70 என்பது ஊர்வது போலத் தோன்றும். பளையிலோ கொடிகாமத்திலோ சந்தைச் சனத்துக்குள் நுழையும்போது, போதிய அளவு குறைத்துவிட்டோம் என்று மனம் நம்பும். வேகமானியின் முள் வேறு கதை சொல்லும். ஆகவே மனக்கணக்கை நம்பாமல், ஊர்மனை தொடங்கியதும் வேகமானியைப் பார்த்தே 50க்கு இறக்குங்கள். சட்டம் சொல்லும் எல்லையும் அதுதான்.

வேகத்தால் மிஞ்சுவதுதான் என்ன? 30 கிலோமீற்றரை 70இல் ஓடினால் ஏறத்தாழ 26 நிமிடம், 90இல் 20 நிமிடம். அந்த ஆறு நிமிடமும் ஒரு ரயில் கடவை மூடியிருந்தால் போய்விடும். பிரேக் பிடித்தபின் வண்டி நிற்க எடுக்கும் தூரமோ ஒன்றரை மடங்குக்கும் மேல் ஆகிவிடுகிறது.

நம் ஒழுங்கைகள் மதிலுக்கும் வேலிக்கும் இடையிலிருந்து நேரே பிரதான வீதியில் வந்து விழுபவை. சைக்கிளில் வருபவரின் முன்சில்லு வீதிக்கு வந்த பிறகுதான் அவருக்கே உங்களைத் தெரியும். இரவில் படுத்திருக்கும் மாடுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முன்விளக்கின் வெளிச்சம் எட்டும் தூரத்துக்குள் நிறுத்த முடியாத வேகத்தில் ஓடாதீர்கள்.