நாய் மேல் ஸ்கங்க் பீய்ச்சிவிட்டதா? செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும்

முதலில் பின்கதவைச் சாத்துங்கள். நாய் வெளியிலேயே இருக்கட்டும். பாவமாகக் கத்தும், முகத்தைப் புல்லில் தேய்க்கும், கதவைப் பிறாண்டும். மனசு இளகி உள்ளே விட்டால் நேராக சோஃபாவுக்கோ கட்டிலுக்கோ ஓடி அங்கே உடம்பைத் தேய்க்கும். நாயைக் கழுவுவது ஒரு ராத்திரி வேலை. மெத்தையில் ஏறிய ஸ்கங்க் நாற்றம் லேசில் போகாது.

கனடாவிலும் அமெரிக்காவிலும் புதிதாக நாய் வளர்க்கத் தொடங்கியிருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். நம் ஊர்ப் பக்கம் ஸ்கங்க் கிடையாது, அதனால் இதற்குப் பாட்டி வைத்தியமும் நம்மிடம் கிடையாது. ஸ்கங்க் என்பது மிரண்டால் நாற்றத் திரவம் பீய்ச்சும் ஒரு காட்டு விலங்கு. பூனை அளவு இருக்கும், கறுப்பு உடம்பு, முதுகில் இரண்டு வெள்ளைப் பட்டை. டொராண்டோவின் புறநகர்களில் டெக்குக்கு (வீட்டை ஒட்டிய மரத் தளம்) அடியிலும் ஷெட்டுக்கு அடியிலும் குடியிருக்கும். இருட்டிய பிறகு வெளியே வந்து புல்தரையைக் கிளறிப் புழு தின்னும். தானாகச் சண்டைக்கு வராது. முதலில் முன்கால்களால் தரையைத் தட்டும், வாலைத் தூக்கும். மனிதர்கள் அதைப் பார்த்ததும் விலகிவிடுவோம். நாயோ, அடடா யாரோ புது ஆள் என்று கிட்டப் போய் மோந்து பார்க்கும். வாலுக்கு அடியிலுள்ள இரண்டு சுரப்பிகளிலிருந்து வரும் அந்தத் திரவம் மூன்று மீட்டர் தூரத்துக்குக் குறி தப்பாமல் பாயும். அதனால்தான் பெரும்பாலும் முகத்திலும் கழுத்திலும் நெஞ்சிலும் படுகிறது.

கார் ஜன்னல் வழியாக எப்போதோ வந்துபோகும் ஸ்கங்க் வாசனையை வைத்து இதைக் கணக்குப் போடாதீர்கள். கிட்டத்தில் அது வேறு சங்கதி. எரிந்த ரப்பரும் அழுகிய வெங்காயமும் சேர்ந்த நெடி, தொண்டையைப் பிடிக்கும், கண்ணில் நீர் வரும். காரணம் தயோல் என்ற கந்தகச் சேர்மங்கள். சமையல் காஸ் கசிந்தால் தெரிய வேண்டும் என்று சிலிண்டரில் கலக்கிறார்களே, அதுவும் இதே குடும்பம்தான். மிகச் சிறிய அளவு காற்றில் இருந்தாலும் மனித மூக்கு கண்டுபிடித்துவிடும்.

படி 1: கண்ணைப் பாருங்கள்

குளியலுக்கு முன்னால் கண். நாய் கண்ணைத் திறக்காமல் சுருக்கிக்கொண்டிருந்தாலோ, முன்காலால் முகத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாலோ திரவம் கண்ணில் பட்டிருக்கிறது என்று அர்த்தம். கண் கழுவும் சலைன் இருந்தால் அது, இல்லையென்றால் வெதுவெதுப்பான சுத்தமான தண்ணீர். ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் மெதுவாகச் சில நிமிடம் ஊற்ற வேண்டும். கழுவிய பிறகும் கண் சிவந்து, மூடியே இருந்தால் கால்நடை மருத்துவரிடம் போகத்தான் வேண்டும்.

அப்படியே டார்ச் அடித்து உடம்பில் கடி, கீறல் ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

படி 2: தண்ணீர் வேண்டாம்

கை தானாகத் தோட்டத்துக் குழாயைத் தேடும். வேண்டாம். பீய்ச்சியது எண்ணெய்ப் பதமான திரவம். தண்ணீர் ஊற்றினால் போகாது, பரவும். அடுத்துப் போடப் போகிற மருந்தும் ஈர ரோமத்தில் நீர்த்துவிடும். மஞ்சளாகத் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் பேப்பர் டவலால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். ரப்பர் கையுறை, தூக்கிப் போடத் தயாரான பழைய டீஷர்ட் இரண்டும் முக்கியம். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுங்கள். தோல் பட்டை என்றால் அதை மறந்துவிடுங்கள்.

படி 3: கலவை

இதுதான் முழு விஷயமும். தேவையானவை மூன்றே:

- 3% ஹைட்ரஜன் பெராக்சைடு, 1 லிட்டர் (மருந்துக் கடையில் காயம் துடைக்க விற்பது)
- பேக்கிங் சோடா, கால் கப் (நம் ஆப்ப சோடாவேதான், பேக்கிங் பவுடர் வேறு, அது உதவாது)
- பாத்திரம் கழுவும் லிக்விட் சோப், 1 டீஸ்பூன்

பெராக்சைடு 3 சதவீதம்தானா என்று லேபிளைப் படியுங்கள். முடிக்குச் சாயம் போட விற்கும் வீரியமானதை எடுத்தால் தோல் வெந்துவிடும். திறந்து பல மாதம் ஆன பாட்டிலில் வீரியம் இருக்காது.

பிளாஸ்டிக் வாளியில் முதலில் பெராக்சைடு, அடுத்து சோடா, கடைசியில் சோப். கலக்கியதும் புசுபுசுவென்று நுரை பொங்கும். அந்த நுரையோடேயே உபயோகிக்க வேண்டும், ஆறப்போடக் கூடாது. பெரிய நாய் என்றால் அளவை இரட்டிப்பாக்குங்கள், அல்லது ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மிஞ்சியதைப் பாட்டிலில் ஊற்றி மூடி வைக்காதீர்கள். ஆக்சிஜன் வெளியேறிக்கொண்டே இருக்கும், மூடிய பாட்டில் வெடித்துவிடும். நிறைய தண்ணீர் விட்டுக் கீழே கொட்டிவிடுங்கள்.

இதைக் கண்டுபிடித்தவர் பால் கிரேபாம் என்ற அமெரிக்க வேதியியலாளர். ஆய்வகத்தில் கந்தக நாற்றத்தை ஒழிக்க வைத்திருந்த வழியை, உடன் வேலை பார்த்தவரின் பூனை ஸ்கங்கிடம் மாட்டிக்கொண்டபோது கொஞ்சம் மென்மையாக்கிக் கொடுத்திருக்கிறார். 1993-இல் ஒரு வேதியியல் இதழில் வெளியானது. பாட்டிலில் அடைத்து விற்க முடியாத சரக்கு என்பதால் எந்தக் கடையிலும் கிடைக்காது, ராத்திரியில் நாமே கலக்க வேண்டியிருக்கிறது. கார ஊடகத்தில் பெராக்சைடு தயோலை ஆக்சிஜனேற்றம் செய்து, நாற்றமில்லாத, தண்ணீரில் கரைகிற பொருளாக மாற்றிவிடுகிறது. வாசனைத் திரவியம் மாதிரி மூடி மறைப்பது இல்லை.

படி 4: தேய்ப்பதும் அலசுவதும்

நாற்றம் பட்ட இடத்தில் தொடங்கி, ரோமத்தின் அடி வரை விரலால் பிசைந்து தேய்க்க வேண்டும். மேலாகத் தடவினால் பயனில்லை. லாப்ரடார், ஹஸ்கி மாதிரி இரட்டை ரோமம் உள்ள நாய்களுக்கு எதிர்ப்புறமாகக் கோதிக் கோதி விடுங்கள். தேய்க்கும்போதே அந்த நெடி மெல்ல அடங்குவது தெரியும். ஐந்து நிமிடம் போதும். அதிகம் விட்டால் தோல் எரியும், கறுப்பு நாயின் ரோமம் செம்பட்டையாகிவிடும். பழுப்புக் காதோடு கொஞ்ச நாள் திரிந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது, ஆனால் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

முகம்தான் கஷ்டம். அதிகம் படுவதும் அங்கேதான், இந்தக் கலவை படவே கூடாத கண்ணும் அங்கேதான். வாளியிலிருந்து ஊற்றாதீர்கள். சின்ன ஸ்பாஞ்சை நனைத்து நன்றாகப் பிழிந்து, கண்ணிலிருந்து வெளிப்பக்கமாக மட்டும் துடையுங்கள். தாடைக்கு அடியும் காதுக்குப் பின்னாலும் விட்டுப்போகிற இடங்கள். காதுக்குள் இறங்க விடாதீர்கள். நக்கவும் விடாதீர்கள், பெராக்சைடு வயிற்றுக்குள் போனால் நாய் வாந்தி எடுக்கும்.

பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் நுரை முழுதும் போகும் வரை அலசுங்கள். நாற்றம் மிச்சமிருந்தால் புதிதாகக் கலக்கி இன்னொரு முறை. கடைசியாக வழக்கமான நாய் ஷாம்பு. வெளியே குளிர் அதிகம் என்றால் பழைய பெட்ஷீட்டில் சுற்றி, நேரே குளியல் தொட்டிக்குத் தூக்கிப் போய், மின்விசிறியைப் போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு இதையெல்லாம் அங்கே செய்யுங்கள். உங்கள் நல்ல துண்டுகளை மட்டும் தள்ளி வையுங்கள், பெராக்சைடு சாயத்தை இழுத்துவிடும்.

நாற்றம் போய்விட்டதா என்று உங்கள் மூக்கிடம் கேட்காதீர்கள். அது எப்போதோ மரத்துப்போயிருக்கும். வேலை முடிந்து அப்போதுதான் வீட்டுக்கு வருகிற யாரையாவது மோந்து பார்க்கச் சொல்லுங்கள். தக்காளிச் சாறு ஊற்றிக் குளிப்பாட்டினால் போய்விடும் என்று இங்கே எல்லோரும் சொல்வதும் இந்த மரத்த மூக்கினால் வந்த வினைதான். கொஞ்ச நேரத்தில் ஸ்கங்க் மறந்து தக்காளி மட்டும் தெரியும். வெளியிலிருந்து வருகிறவருக்கோ இரண்டும் சேர்ந்து வீசும்.

சில வாரம் கழித்து நாய் மழையில் நனைந்து வரும்போது மறுபடியும் லேசாக வாடை அடிக்கும். திரும்பவும் மாட்டிக்கொண்டதோ என்று பயப்பட வேண்டாம். அந்தத் திரவத்தில் தயோஅசிடேட் என்ற இன்னொரு வகையும் உண்டு. அது அவ்வளவாக நாறாது, ஆனால் ஈரம் பட்டால் மெதுவாக உடைந்து தயோலாக மாறும். அந்த இடத்துக்கு மட்டும் இன்னொரு தடவை கலவை போட்டால் சரியாகிவிடும்.

அடுத்த இரண்டு மூன்று நாள்

பெரும்பாலான நாய்களுக்கு நாற்றத்தைத் தவிர வேறு பாதிப்பில்லை. வாயில் நிறையப் பட்டு விழுங்கியிருந்தாலோ, நெருக்கமான இடத்தில் மாட்டி உடம்பெல்லாம் நனைந்திருந்தாலோ, அபூர்வமாக ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து ரத்தசோகை வரும். ஈறு வெளிறியிருப்பது, சோர்ந்து படுப்பது, சிறுநீர் பழுப்பாகப் போவது, விடாத வாந்தி இவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கடியைப் பார்க்கச் சொன்னது ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) காரணமாக. வட அமெரிக்காவில் அந்த நோயைச் சுமக்கும் காட்டு விலங்குகளில் ஸ்கங்கும் ஒன்று. 2015 டிசம்பரில் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலுள்ள ஹாமில்டனில் ரக்கூன்களிடம் ரேபிஸ் வெடித்தபோது ஸ்கங்குகளிடமும் அது இருந்தது. பீய்ச்சிய திரவத்தால் ரேபிஸ் வராது, கடியால் வரும். கடித்த தடம் இருந்தாலோ, பட்டப்பகலில் தள்ளாடித் திரிந்த ஸ்கங்க் என்றாலோ, தடுப்பூசி போட்ட நாயாக இருந்தாலும் மருத்துவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

டெக்குக்கு அடியில் இருக்கும் குடித்தனக்காரர்

கையோடு ஓட்டையை அடைத்துவிடாதீர்கள். மே முதல் ஜூலை வரை உள்ளே குட்டிகள் இருக்கும், தாயை வெளியே வைத்து அடைத்தால் அவை அங்கேயே செத்து நாறும். அந்த நாற்றத்துக்குப் பெராக்சைடு போதாது. கோடை கழியட்டும். பிறகு ஓட்டையில் கசக்கிய செய்தித்தாளை லேசாகத் திணித்து வைத்து, சில ராத்திரி கலையாமல் இருந்தால் உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்துகொண்டு கம்பி வலை அடியுங்கள். அதுவரை இரவில் நாயைக் கயிற்றோடுதான் வெளியே கூட்டிப்போக வேண்டும். கதவைத் திறக்கும் முன் விளக்கைப் போட்டு, கொஞ்சம் சத்தம் கொடுத்து, ஸ்கங்க் நகர்ந்து போக நேரம் விடுங்கள்.

கூண்டு வைத்துப் பிடித்துத் தூரத்தில் விட்டுவிடலாம் என்று அக்கம்பக்கத்தில் யோசனை சொல்வார்கள். ஒன்டாரியோ சட்டப்படி பிடித்த இடத்திலிருந்து 1 கிலோமீட்டருக்குள்தான் விட வேண்டும். ஸ்கங்க் நடந்தே திரும்பி வந்துவிடக்கூடிய தூரம்தான் அது.