தருமபுரியிலிருந்து பயணமா? ரயில் சேதியும் டிக்கெட் சலுகையும் பார்க்கும் முறை

தருமபுரி, ஓசூர் ரயில் நிலையங்கள் இருப்பது தமிழ்நாட்டில். நிர்வாகமோ தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டம். இந்தப் பாதையில் வண்டி ரத்து, மாற்றுப்பாதை என்றால் அறிவிப்பு அங்கிருந்துதான் வரும். தெற்கு ரயில்வேயை மட்டும் பின்தொடர்கிறவர்களுக்குப் பெட்டியோடு பிளாட்பாரத்துக்கு வந்த பிறகுதான் விஷயம் தெரிகிறது. எக்ஸ் தளத்தில் பெங்களூரு கோட்டத்தின் கணக்கைப் பின்தொடர்ந்து, மணிச் சின்னத்தையும் அழுத்தி வையுங்கள். கிளம்பும் நாளில், வண்டி எங்கே வருகிறது என்று காட்டும் ரயில்வேயின் என்டிஇஎஸ் (NTES) செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். கிருஷ்ணகிரிக்காரர்கள் ஜோலார்பேட்டையில் ஏறினால் தெற்கு ரயில்வேயையும் கவனிக்க வேண்டும். அது சென்னைக் கோட்டம்.

முன்பதிவு 60 நாளுக்கு முன்பு, காலை 8 மணிக்குத் திறக்கும். 120 நாள் கணக்கு 2024 நவம்பரோடு போயிற்று. பழைய வாட்ஸ்அப் தகவலை நம்பாதீர்கள்.

பெங்களூரிலிருந்து விமானம் என்றால் கூகுள் ஃபிளைட்ஸில் ஊரும் தேதியும் போட்டு, விலைக் கண்காணிப்பை ஆன் செய்யுங்கள். கட்டணம் மாறினால் மின்னஞ்சல் வரும். சலுகை விலையைப் பணம் கட்டும் பக்கம் வரை கொண்டுபோய்ப் பாருங்கள். கன்வீனியன்ஸ் கட்டணமும் (முன்பதிவுத் தளம் வாங்கும் சேவைக் கட்டணம்) இருக்கைக் கட்டணமும் அங்கேதான் ஏறும். விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தோடு ஒப்பிடுவது அதற்குப் பிறகு.

ஒகேனக்கல் போகிறவர்களுக்கு: காவிரியில் நீர்வரத்து கூடினால் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை வரும். அன்று காலை மாவட்ட நிர்வாக அறிவிப்பைப் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.