ஆல்பைனுக்கு மாற்றும் முன்: பேஸ் இமேஜ் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டாக்கர் இமேஜ் (ஆப்பும் அது ஓடத் தேவையானவையும் சேர்ந்த பொதி) 1 ஜிபியைத் தாண்டியதும் டீமில் யாராவது ஒருவர் "ஆல்பைனுக்கு மாத்திடலாமே" என்பார். ஆல்பைன் என்ற லினக்ஸ் பேஸ் இமேஜ் (நம் இமேஜுக்கு அடித்தளமாக இருப்பது) 10 எம்பிகூட வராது, ஆசை வருவது இயல்புதான். ஆனால் அது ஏன் அவ்வளவு சிறியது என்று பார்க்காமல் மாற்றினால் அப்புறம் வரிசையாகச் சிக்கல் வரும்.

டெபியனும் உபுண்டுவும் ஜிலிப்சி என்ற சி லைப்ரரியைப் பயன்படுத்துகின்றன. ஆல்பைனில் இருப்பது மஸ்ல். ஜிலிப்சிக்காக கம்பைல் செய்த புரோகிராமை ஆல்பைனில் ஓட்டினால் பெரும்பாலும் 'நாட் ஃபவுண்ட்' என்று வரும். ஃபைல் கண்ணெதிரே இருக்கும், பெர்மிஷனும் சரியாக இருக்கும். காணாமல் போனது அந்த புரோகிராமை மெமரியில் ஏற்ற வேண்டிய டைனமிக் லோடர். இந்த எரரைப் பார்த்ததும் பாத்தைத் துருவ வேண்டாம், முதலில் எல்டிடி கமாண்டை (புரோகிராமுக்கு என்னென்ன லைப்ரரி வேண்டும் என்று காட்டுவது) ஓட்டிப் பாருங்கள். ஜிகாம்பாட் என்ற ஒட்டுப் பேக்கேஜ் சில புரோகிராம்களை ஓடவைக்கும். புரொடக்‌ஷனில் அதை நம்பச் சொல்ல மாட்டேன்.

பைதான்காரர்களுக்கு அடி வேறு மாதிரி விழும். மெனிலினக்ஸ் வீல்கள் (முன்பே கம்பைல் செய்து வரும் பைதான் பேக்கேஜ்கள்) ஜிலிப்சிக்கானவை, ஆல்பைனில் பைதானின் இன்ஸ்டாலரான பிப் அவற்றைத் தொடாது. மஸ்லுக்கான வீல்களுக்கு 2021-இல்தான் தனித் தரம் வந்தது. நம்பை, பாண்டாஸ் போன்றவற்றுக்கு இப்போது அந்த வீல்கள் கிடைக்கின்றன. ஆனால் பட்டியலில் ஒரே ஒரு பேக்கேஜுக்கு இல்லாவிட்டாலும் பிப் சோர்ஸை இறக்கி கம்பைல் செய்யப் பார்க்கும். அதற்கு ஜிசிசி கம்பைலர் வேண்டும், ஹெடர் ஃபைல்கள் வேண்டும். பில்ட் இழுத்துக்கொண்டே போகும், மிச்சப்படுத்திய எம்பியும் கரைந்துவிடும். பைதானுக்கு டெபியன் ஸ்லிம் (தேவையற்றதை நீக்கிய டெபியன் இமேஜ்) போதும் என்பதே என் கட்சி.

பில்ட் வெற்றி பெற்றதும் ஜெயித்துவிட்டதாக நினைப்பதும் தவறுதான். மஸ்லில் ஒரு த்ரெட்டுக்கு இயல்பாகக் கிடைக்கும் ஸ்டாக் 128 கேபி, ஜிலிப்சி லினக்ஸில் வழக்கமாக 8 எம்பி. ஆழமான ரிகர்ஷன் உள்ள கோடு டெஸ்டில் தப்பித்து லோடில் கிராஷ் ஆகலாம். பெரிய டிஎன்எஸ் பதில்களை டிசிபி வழியாகத் திரும்பக் கேட்கும் வசதியும் மஸ்லுக்கு 2023-இல் 1.2.4 பதிப்பில்தான் வந்தது. ஆல்பைன் 3.17, அதற்கு முந்தையவை என்றால் கவனம்.

ஜிலிப்சிக்குள்ளேயே இருந்தாலும் சிக்கல் வராது என்று சொல்ல முடியாது. பழைய ஜிலிப்சியில் கட்டியது புதியதில் ஓடும், மறுபக்கம் உறுதி இல்லை. டெபியன் 12-இல் (2.36) பில்ட் செய்து டெபியன் 11-க்கு (2.31) காப்பி செய்தால், தேவையான ஜிலிப்சி பதிப்பு இல்லை என்று நின்றுவிடலாம். மல்டி-ஸ்டேஜ் பில்டில் (ஒரு ஸ்டேஜில் கட்டி, முடிவை மட்டும் அடுத்த ஸ்டேஜுக்குக் காப்பி செய்யும் முறை) இரண்டு ஸ்டேஜுக்கும் ஒரே டெபியன் ரிலீஸை வையுங்கள். இமேஜின் டேகில் வெறும் 'ஸ்லிம்' என்று விடாமல் 'ஸ்லிம்-புக்வோர்ம்' (புக்வோர்ம் என்பது டெபியன் 12) என்று ரிலீஸ் பெயரோடு எழுதுங்கள். இல்லையென்றால் அடியில் இருக்கும் டெபியன் ஒருநாள் சொல்லாமல் மாறிவிடும்.

டாக்கர் இமேஜ் அடுக்கடுக்கான லேயர்களால் ஆனது; ஒரு லேயரில் இன்ஸ்டால் செய்ததை அடுத்த லேயரில் அழித்தால் சைஸ் குறையாது. இது பலருக்கும் தெரியும், இருந்தும் டாக்கர்ஃபைல்களில் தினமும் பார்க்கலாம்.

கோ மொழியில் சிகோவை (சி கோடை இணைக்கும் வசதி) அணைத்து பில்ட் செய்தால் ஸ்கிராட்ச் என்ற காலி இமேஜே போதும். அதில் சிஏ சர்டிஃபிகேட்டும் டைம்ஸோன் டேட்டாவும் கிடையாது, எச்டிடிபிஎஸ் அழைப்பு தோற்கும்போதுதான் அது ஞாபகம் வரும். டிஸ்ட்ரோலெஸ் (ஆப் ஓடத் தேவையானதை மட்டும் வைத்திருக்கும் இமேஜ் வரிசை) தரும் ஸ்டாடிக் இமேஜில் இரண்டும் உண்டு. அதில் ஷெல் இல்லை, உள்ளே நுழைந்து பார்க்க வேண்டுமென்றால் 'டீபக்' டேகை எடுத்துக்கொள்ளுங்கள்.