விரிதாளில் காலி செல்லும் பிழைச் செய்தியும்: தொடக்கநிலையினருக்கான செய்முறை

விரிதாளில் ஃபார்முலா எழுதப் பழகுபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது கணக்கில் அல்ல, இன்னும் நிரப்பப்படாத செல்லில்தான். இன்னும் தெரியவில்லை என்பதைக் காலி செல் சொல்கிறது. தெரியும், ஆனால் ஒன்றுமில்லை என்பதைப் பூஜ்ஜியம் சொல்கிறது. கணக்கிட வழியில்லை என்பதைப் பிழைச் செய்தி சொல்கிறது. இந்த மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிடாதபடி ஃபார்முலா எழுதுவதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். ஃபங்ஷன் பெயர்களையும் செல் முகவரிகளையும் வாசிப்பதற்காகத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தாளில் அவற்றை ஆங்கில எழுத்துகளில் தட்ட வேண்டும்.

படி 1: சிக்கலை நேரில் பார்த்தல்

ஏ நெடுவரிசைக்குப் பணி, பி-க்குத் தொடங்கிய தேதி, சி-க்கு முடிந்த தேதி, டி-க்கு ஆன நாட்கள் என்று தலைப்பிடுங்கள். பி2-வில் 2024 ஜனவரி 1 என்ற தேதியை இட்டு, சி2-வைக் காலியாகவே விட்டுவிட்டு, டி2-வில் =சி2-பி2 என்று எழுதுங்கள். டி2 எண் வடிவில் இருந்தால் -45292 என்று விடை வரும். விரிதாள் ஒவ்வொரு தேதியையும் ஒரு நாள் எண்ணாகவே சேமிக்கிறது, அந்தத் தேதியின் எண் 45292, காலி செல்லோ கழித்தலில் 0 என்று கொள்ளப்படுகிறது. பிழைச் செய்தி எதுவுமின்றித் தவறான விடை வருவதால், கீழே சராசரி எடுத்தால் அதுவும் சத்தமில்லாமல் கெட்டுப்போகும்.

படி 2: கணக்கிடும் முன் சோதித்தல்

டி2-வை =இஃப்(சி2="","",சி2-பி2) என்று மாற்றுங்கள். இஃப் முதலில் உள்ள நிபந்தனையைச் சோதித்து, அது சரியென்றால் அடுத்துள்ளதையும், இல்லையென்றால் கடைசியில் உள்ளதையும் தரும்; "" என்பது வெறுமையைக் குறிக்கும். சி2 காலியாக இருக்கும்வரை டி2-வும் வெறுமையாகத் தெரியும். ஆனால் யாரேனும் சி2-வில் இடைவெளிப் பட்டையை ஒருமுறை தட்டியிருந்தால், பார்வைக்குக் காலியாக இருந்தாலும் அதில் ஓர் எழுத்து இருக்கிறது. சோதனை தோற்று, எண் வேண்டிய இடத்தில் உரை இருப்பதைச் சொல்லும் #வேல்யூ! பிழை வந்து நிற்கும். (எழுத்துகளின் எண்ணிக்கையைத் தரும் =லென்(சி2) என்று எழுதினால் 0-க்குப் பதில் 1 வருவதைக் கொண்டு இதைக் கண்டுபிடிக்கலாம்.) ஆகவே நான் விரும்பிப் பயன்படுத்துவது இந்த வடிவத்தைத்தான்:

=இஃப்(கவுண்ட்(பி2:சி2)<2,"",சி2-பி2)

கவுண்ட் எண்களை மட்டுமே எண்ணும் என்பதால், இரண்டு செல்களிலும் எண் (தேதியும் எண்தான்) இருந்தால் மட்டுமே கழித்தல் நடக்கும்.

படி 3: வெறுமையாகத் தெரிவது காலி அல்ல

"" என்பது நீளமற்ற ஓர் உரை. எனவே செல் காலியா என்று பார்க்கும் இஸ்பிளாங்க் கொண்டு டி2-வைச் சோதித்தால் பொய் என்றே விடை வரும்; காலியல்லாத செல்களை எண்ணும் கவுண்ட்ஏ அதையும் ஒன்றாக எண்ணிவிடும்; =டி2+1 என்று எழுதினால் #வேல்யூ! வரும். கூட்டும் சம், சராசரி எடுக்கும் ஆவரேஜ் ஆகியவை செல் வரம்பிலுள்ள உரையைத் தாமாகவே ஒதுக்கிவிடுவதால், கூட்டலுக்குக் கூட்டல் குறியைவிடச் சம் பாதுகாப்பானது.

இங்கே "" இருக்க வேண்டிய இடத்தில் 0 இடும் பழக்கத்தை அருள்கூர்ந்து தவிர்த்துவிடுங்கள். 10, வெறுமை, 20 என்ற மூன்று செல்களின் சராசரி 15. நடுவில் 0 இட்டால் அதுவே 10 ஆகிவிடும். ஒரு விடையும் இல்லாத நிலையில் ஆவரேஜ் #டிவ்/0! (0-ஆல் வகுத்த பிழை) தரும்; அதற்கு =இஃப்(கவுண்ட்(டி2:டி20)=0,"",ஆவரேஜ்(டி2:டி20)) போதும்.

படி 4: எதிர்பார்த்த பிழையை மட்டும் பிடித்தல்

ஃபார்முலா பிழை தந்தால் அதற்குப் பதில் நாம் சொல்வதைக் காட்டும் இஃப்எரர் எக்செல் 2007-இல் வந்தது. எல்லாப் பிழைகளையும் ஒரே போர்வைக்குள் மூடிவிடுவதுதான் அதன் வசதி, அதன் கெடுதலும் அதுவே. ஃபங்ஷன் பெயரைத் தவறாகத் தட்டியதால் வரும் #நேம்?, ஃபார்முலா சுட்டிய நெடுவரிசையை நீக்கியதால் வரும் #ரெஃப்! ஆகியவை நாம் கட்டாயம் பார்த்துத் திருத்த வேண்டியவை. அவற்றையும் அது மறைத்துவிடும். தேடும் பெயர் பட்டியலில் இல்லாதபோது வருவது #என்/ஏ மட்டுமே என்பதால், தேடலுக்கு அந்த ஒரு பிழையை மட்டும் பிடிக்கும் இஃப்என்ஏ போதுமானது. எஃப் நெடுவரிசையில் பெயர்ப் பட்டியலும் ஜி-யில் அவற்றுக்கான விவரமும் இருந்தால், ஏ2-வில் உள்ள பெயரை எஃப்-இல் தேடி, நேரே உள்ள ஜி செல்லை விலுக்அப் தரும்:

=இஃப்என்ஏ(விலுக்அப்(ஏ2,எஃப்:ஜி,2,0),"பட்டியலில் இல்லை")

பெயர் கிடைத்து, அதற்கு நேரே உள்ள ஜி செல் காலியாக இருந்தால், எக்செலில் இந்த ஃபார்முலா 0 காட்டும். முதல் படியில் பார்த்த அதே சிக்கல் இங்கே வேறு உருவில் வருகிறது. எனவே இங்கேயும் விலுக்அப் தரும் விடை ""-க்குச் சமமா என்று இஃப் கொண்டு முதலில் சோதித்து, சமமானால் "" என்றும், இல்லையென்றால் அந்த விடையையே தருமாறும் எழுதி, அந்த முழுச் சோதனையையும் இஃப்என்ஏ-வுக்குள் வைத்துவிடுங்கள்.